அந்தப் பாரின் பெயரை நான் எழுதவில்லை

கப்பல் சரக்குகளுக்கு ஆவணம் தயாரிக்கும் நிறுவனம் ஒன்றில், தூத்துக்குடியிலேயே வேலை பார்த்து ஓய்வு பெற்றவன் நான். ஆங்கிலத்தில் வரும் தாள்களைப் படித்து, எந்த வரியில் சிக்கல் ஒளிந்திருக்கிறது என்று கண்டுபிடித்துச் சொல்வதுதான் என் பிழைப்பு. அந்தப் படிப்பை நம்பி என் தெருக்காரர் ஒருவர் வாசலுக்கு வந்தார். அவரை நான் ஏமாற்றினேன். இதுவரை வீட்டாரிடம்கூட முழுதாகச் சொல்லாத விஷயம் இது.

2018 துப்பாக்கிச் சூட்டுக்குச் சில ஆண்டுகள் முன்பு, மாவட்டத்தின் கடலோரத்தில் சரக்கு இறக்கும் தளம் ஒன்று கட்ட ஒரு தனியார் நிறுவனம் முன்வந்தது. சுற்றுச்சூழல் அனுமதிக்கு முன்னால் மக்கள் கருத்துக்கேட்புக் கூட்டம் நடக்கும் என்று நாளிதழில் அறிவிப்பு வெளியானது. அதைப் பார்த்துவிட்டு வந்தவர் சங்குகுளி தொழிலாளி. வயதில் மூத்தவர், தெருவில் எல்லோருக்கும் அண்ணன். திட்ட அறிக்கையிலிருந்து சில பக்கங்களை யாரிடமோ வாங்கி ஜெராக்ஸ் எடுத்து, நனையாமல் பிளாஸ்டிக் பையில் சுற்றிக் கொண்டுவந்திருந்தார். "தம்பி, நம்ம பாரைப் பத்தி இதுல என்ன போட்டிருக்குன்னு பாத்துச் சொல்லுங்க. தப்பா இருந்தா ஒரு மனு எழுதிக் குடுங்க, நான் கையெழுத்துப் போட்டுக் குடுத்திடுதேன்" என்றார்.

பார் என்றால் கடலடியில் இருக்கும் பாறைத் திட்டு. முத்துச்சிப்பி ஒட்டி வளர்வது அதில்தான். மன்னார் வளைகுடாவில் ஒவ்வொரு பாருக்கும் ஒரு பெயர் உண்டு. தொள்ளாயிரம் பாரின் பெயர் முத்துக்குளித்தல் பற்றிய அரசு அறிக்கைகளிலேயே இருக்கிறது. ஆனால் சிறிய பார்கள் பலவற்றின் பெயர் எந்தத் தாளிலும் ஏறியதில்லை. தொழிலாளிகளின் நினைவில் மட்டுமே இருக்கிறது. கரையில் இருக்கும் தேவாலயக் கோபுரத்தையும் ஒரு பனங்கூட்டத்தையும் நேருக்கு நேர் வைத்துப் பார்த்து, இதோ இந்த இடம் என்று அண்ணன் படகை நிறுத்துவார். 1955 முதல் 1961 வரை இங்கே முத்துக்குளிப்பு நடந்தபோது குளித்த மனிதர்களிடம் தொழில் கற்றவர் அவர். அன்று அரசாங்கம் பார்களைச் சோதிக்கப் போனால் குளியாட்களைக் கூட்டிக்கொண்டுதான் போகும். முத்து வேண்டும் என்றபோது அவர்களைக் கேட்டார்கள். கரையில் தளம் கட்டும்போது அறிக்கை எழுதுபவர் அவர்களைத் தேடிப் போவதில்லை. அவர்களாக வந்து சொல்வதற்கு இருக்கும் ஒரே இடம் அந்தக் கூட்டம்தான்.

பக்கங்களை அன்று இரவே படித்துவிட்டேன். தளம் அமையும் இடத்தில் கடலடி வெறும் மணலும் சேறும்தான், குறிப்பிடத்தக்க மீன்பிடித் தொழில் எதுவும் இல்லை என்று ஒரு வரி இருந்தது. தவறு என்று எனக்கு உடனே தெரிந்தது. தூர்வாரும்போது கிளம்பும் சேறு எந்தப் பக்கம் போகும், எந்த மாதம் எங்கே படியும் என்று அண்ணன் சொல்ல, நான் எழுதினால் போதும். ஒரு மணி நேர வேலை.

நான் எழுதவில்லை. எங்கள் நிறுவனத்துக்குச் சரக்கு தருபவர்களில் சிலருக்கு அந்தத் திட்டத்தில் ஆர்வம் இருந்தது. மனுவின் நடை என்னுடையது என்று யாராவது கண்டுபிடித்துவிட்டால் வேலைக்கு ஆபத்து என்று பயந்தேன். யாரும் என்னை மிரட்டவில்லை. பயம் முழுக்க நானாக வளர்த்துக்கொண்டது. அண்ணன் மறுபடி வந்தபோது, "இதெல்லாம் ஒரு சடங்கு அண்ணே, முடிவு எப்பவோ ஆயிருக்கும்" என்று சொல்லி அனுப்பினேன். அவரைவிட எனக்கு உலகம் தெரியும் என்ற தோரணையில் சொன்னேன். அந்தத் தோரணைதான் இன்றைக்கும் என்னை அதிகம் வெட்கப்பட வைக்கிறது.

சடங்கு என்று நான் தள்ளிவிட்டது என்ன என்பதைப் பின்னால்தான் படித்துத் தெரிந்துகொண்டேன். 2006 செப்டம்பர் 14-ஆம் தேதியிட்ட மத்திய அரசின் சுற்றுச்சூழல் தாக்க மதிப்பீட்டு அறிவிக்கை அந்தக் கூட்டத்துக்குத் திட்டமான நடைமுறை வகுத்திருக்கிறது. குறைந்தது 30 நாள் முன்னதாக ஒரு முக்கியத் தேசிய நாளிதழிலும் ஒரு வட்டார மொழி நாளிதழிலும் விளம்பரம் வர வேண்டும். வரைவு அறிக்கை ஆட்சியர் அலுவலகத்திலும் உள்ளாட்சி அலுவலகத்திலும் மாவட்டத் தொழில் மையத்திலும் பார்வைக்கு இருக்க வேண்டும். அறிக்கையின் சுருக்கம் தமிழிலும் வேண்டும். கூட்டத்துக்கு வர முடியாதவர் எழுத்தில் அனுப்பலாம். வந்தவர் ஒவ்வொருவருக்கும் விளக்கம் கேட்க வாய்ப்புத் தர வேண்டும். முழுவதையும் வீடியோ எடுக்க வேண்டும். கடைசியில், மக்கள் சொன்னவற்றின் தொகுப்பை அங்கேயே உள்ளூர் மொழியில் வாசித்துக் காட்டி, கூட்டம் ஒப்புக்கொண்ட பிறகு தலைமை வகித்த அதிகாரி அன்றைக்கே கையெழுத்திட வேண்டும். எழுப்பப்பட்ட முக்கியமான சுற்றுச்சூழல் கவலைகளுக்கு நிறுவனம் தன் இறுதி அறிக்கையில் பதில் சொல்லியாக வேண்டும்.

கிராம சபைக்குக் குறைந்தபட்ச வருகை என்று ஒன்று உண்டு. மக்கள்தொகை 500 வரை உள்ள ஊராட்சியென்றால் 50 பேராவது வர வேண்டும். கருத்துக்கேட்புக் கூட்டத்துக்கு அப்படி எதுவும் இல்லை. பத்துப் பேர் வந்தாலும் கூட்டம் நடந்ததாகவே கணக்கு. ஒதுங்கி நிற்பதை எதிர்ப்பு என்று யாரும் எழுதிக்கொள்வதில்லை.

கூட்டத்தன்று நான் போனேன். வேடிக்கை பார்க்க வந்தவன்போலப் பந்தலின் கடைசி வரிசையில் உட்கார்ந்தேன். வேலை நாள், காலை நேரம். கடலுக்குப் போனவர்கள் கரை திரும்பி ஏலம் முடியாமல் வர முடியாது. பெண்கள் பலர் ஏலக்கூடத்தில் இருந்தார்கள். அண்ணன் தொழிலை விட்டுவிட்டு வந்திருந்தார். கையில் காகிதம் எதுவும் இல்லை. மைக்கைப் பிடித்ததும் அவருக்குக் கோபம் முந்திக்கொண்டது. தன் அப்பாவில் ஆரம்பித்து, மகனுக்கு வேலை கிடைக்காததைச் சொல்லி, டீசல் விலைக்குப் போய், பாருக்கு வந்து சேரும்போது, சுருக்கமாக முடிக்கச் சொன்னார்கள். பாரின் பெயரை ஒருமுறை சொன்னார். மேடையில் யாருக்கும் அது என்னவென்று புரிந்திருக்காது. புரிய வைக்க வேண்டியவன் கடைசி வரிசையில் இருந்தேன்.

முடிவில் தொகுப்பை வாசித்தார்கள். அதற்குள் கூட்டம் பாதிக்குமேல் கலைந்திருந்தது. அண்ணன் பேசியது, "வேலைவாய்ப்பு மற்றும் வாழ்வாதாரம் குறித்துக் கேட்டார்" என்று ஒரே வரியாகியிருந்தது. நிறுவனத்தின் பதில், உள்ளூர் மக்களுக்குத் தகுதி அடிப்படையில் முன்னுரிமை தரப்படும் என்று இருந்தது. குறிப்பெடுத்தவரை நான் குறை சொல்ல மாட்டேன். அவர் காதில் விழுந்தது அதுதான். பார் விட்டுப்போயிற்று என்று அந்த நிமிடம் எழுந்து நான் சொல்லியிருந்தால், சேர்த்துக்கொள்ள வேண்டிய கடமை அவர்களுக்கு இருந்தது. வீடியோவிலும் பதிவாகியிருக்கும். நான் எழவில்லை. அண்ணன் திரும்பி என்னைப் பார்த்தார். நான் செல்பேசியைப் பார்த்துக்கொண்டிருந்தேன்.

பிறகு 2018 வந்தது. எங்கள் ஊர் ஸ்டெர்லைட் தாமிர ஆலைக்கு 1995 ஜனவரியில் சுற்றுச்சூழல் அனுமதி கிடைத்தபோது கருத்துக்கேட்பு கட்டாயமாக இருக்கவில்லை; 1997 ஏப்ரலில்தான் கட்டாயமானது. இரண்டாவது ஆலைக்கான விரிவாக்கம், சிப்காட் தொழிற்பேட்டைக்குள் வருகிறது என்ற காரணம் காட்டி விலக்குப் பெற்றது. ஆலைக்கு எதிரான போராட்டத்தின் நூறாவது நாளான மே 22 அன்று மக்கள் ஆட்சியர் அலுவலகம் நோக்கி நடந்தார்கள். துப்பாக்கிச் சூட்டில் 13 பேர் இறந்தார்கள். மறுநாள், மே 23 அன்று, உயர் நீதிமன்றத்தின் மதுரைக் கிளை விரிவாக்கப் பணிகளை நிறுத்தி, மக்களிடம் கருத்துக் கேட்டே அனுமதிபற்றி முடிவெடுக்க வேண்டும் என்று உத்தரவிட்டது.

அந்த வாரம் ஊரெல்லாம் அழுகையாக இருந்தது. மக்களைக் கேட்காமல் செய்தார்களே என்று நானும் டீக்கடையில் நின்று ஆத்திரத்தோடு பேசினேன். பேசிக்கொண்டிருக்கும்போதே நாக்கு ஒட்டிக்கொண்டது. கேட்கப்பட்ட இடத்தில் நான் என்ன செய்தேன்? இத்தனை பேர் கிடைக்காமல் தவித்த ஓர் உரிமை, நாற்காலி போட்டு, மைக் வைத்து என் முன்னால் இருந்தது.

நான் எழுதியிருந்தால் அந்தத் திட்டம் மாறியிருக்கும் என்று சொல்ல மாட்டேன். மாறாமலும் போயிருக்கலாம். ஆனால் அந்த இடத்தில் பார் இருக்கிறது என்று அரசின் கோப்பில் ஒரு வரி இருந்திருக்கும். பின்னாளில் நீதிமன்றத்துக்கோ பசுமைத் தீர்ப்பாயத்துக்கோ யாராவது போனால், சொன்னோம், பதில் வரவில்லை என்று காட்ட அது ஒரு சான்று. இப்போது கோப்பில் இருப்பது, அங்கே எதுவும் இல்லை என்ற பொய் மட்டும்தான். அதை மறுக்கத் தெரிந்தும் மறுக்காதவன் நான்.

அண்ணன் இறந்துவிட்டார். கடைசிவரை இதைப்பற்றி அவர் என்னிடம் ஒரு வார்த்தை கேட்கவில்லை. நானும் மன்னிப்புக் கேட்கவில்லை.

2023-ல் கடற்கரை மண்டல மேலாண்மைத் திட்ட வரைபடங்களுக்குக் கருத்துக்கேட்பு அறிவித்தபோது, தாங்கள் புழங்கும் இடங்கள் வரைபடத்தில் முழுதாக இல்லை என்று கடலோர மாவட்ட மீனவர்கள் எதிர்ப்புத் தெரிவித்தார்கள். கருத்துக் கேட்கும் வேலை ஓயப்போவதில்லை. அறிவிப்புகள் வந்துகொண்டேதான் இருக்கும். கடலோரத்தில் ஆங்கிலம் படித்து மாதச் சம்பளம் வாங்கும் ஒவ்வொருவரிடமும் நான் கேட்டுக்கொள்வது இதுதான்: உங்கள் தெருவில் ஒருவர் தாளோடு வந்து நின்றால், அவர் வாயால் சொல்வதை இடம், பெயர், ஆழம், மாதம் என்று விவரமாக அன்றைக்கே எழுதிக் கொடுங்கள். இரண்டு பிரதி எடுத்து, ஒன்றில் ஒப்புகை முத்திரை வாங்கி அவர் கையில் கொடுங்கள்.