தண்ணீருக்குக் கட்டிய தோரணம்

"தண்ணீருக்கு மேலே பிளாஸ்டிக் முட்டையைத் தொங்கவிடுவதாக இருந்தால் என்னை இனிமேல் கூப்பிடாதே" என்றார் பாட்டி. ஏணியில் நின்றிருந்த பெண் ஒரு கையில் தோரணத்தைப் பிடித்தபடி, "போன வருஷம் காற்றில் பாதி உடைஞ்சு போச்சே அத்தை. மறுபடியும் யார் உட்கார்ந்து ஊதுவது?" என்றாள். "நான் ஊதுவேன்" என்றார் பாட்டி. வயது எண்பதுக்கு மேல் இருக்கும். ஊர் எங்கல்ஹார்ட்ஸ்பெர்க். ஜெர்மனியின் பவேரியா மாநிலத்தில், பிராங்கோனியா என்னும் வட்டாரத்தில், வீசன்ட் ஆற்றுப் பள்ளத்தாக்குக்கு மேலே பாறைமேட்டில் இருக்கும் சின்ன ஊர். எர்லாங்கனில் வேலை பார்க்கும் என் தோழி இந்தச் சண்டையைக் காதோடு காதாக எனக்கு மொழிபெயர்த்துக்கொண்டிருந்தாள்.

அன்று காலையில் எனக்கு மனசு சரியில்லை. ஈஸ்டர் சமயத்தில் இந்தப் பக்கத்து ஊர்களில் பொதுத் தண்ணீர்த் தொட்டியை முட்டைகளால் அலங்கரிப்பார்கள், ஓஸ்டர்ப்ருன்னன் என்று அதற்குப் பெயர், பார்த்தே ஆகவேண்டும் என்று தோழி அழைத்துப் போயிருந்தாள். முதலில் பீபர்பாக் போனோம். 2001-இல் 11,108 முட்டைகளோடு கின்னஸில் ஏறிய ஊர். பேருந்து பேருந்தாக ஜனம் வந்து இறங்கியது. எல்லார் கையிலும் கேமரா. இவ்வளவு பச்சையான நாட்டில், ஊருக்கு ஊர் ஆறு ஓடும் நாட்டில், ஒரு தொட்டிக்கு எதற்கு இத்தனை ஆர்ப்பாட்டம் என்று எனக்கு எரிச்சலாகவே இருந்தது. நான் சிவகங்கைச் சீமைக்காரி. தண்ணீரின் அருமை எங்களுக்குத் தெரியும், இவர்களுக்கு என்ன தெரியும் என்ற எண்ணத்தோடுதான் அங்கே நின்றேன்.

பிறகு கூட்டத்தை விட்டு விலகி, வீசன்ட் ஆற்றங்கரையில் ஷாட்டர்ஸ்மூலே என்ற இடத்திலிருந்து மலையேறினோம். வழியில் ரீசன்பூர்க் இருக்கிறது. கூரை இடிந்து விழுந்த பழைய குகை. மூன்று கல் வளைவுகள் மட்டும் ஆகாயத்தில் மிச்சம் நிற்கின்றன. 1830-இல் பவேரிய அரசர் முதலாம் லுட்விக் இங்கே வந்து, தாம் எழுதிய வரிகளைப் பாறையில் வெட்ட வைத்தார். அரசர் சொன்னதைவிட அந்த வளைவுகளைக் குடைந்தது எது என்பதுதான் என்னைப் பிடித்து நிறுத்தியது. குடைந்தது தண்ணீர். இந்தப் பாறை முழுக்கச் சுமார் பதினைந்து கோடி ஆண்டுகளுக்கு முன் ஜுராசிக் கடலடியில் உருவான சுண்ணாம்புக் கல்லும் டோலமைட்டும். பெய்யும் மழையைக் கல்லின் வெடிப்புகள் விழுங்கிவிடுகின்றன. உள்ளே போன தண்ணீர் கல்லைக் கரைத்து வழி பண்ணிக்கொண்டு, பள்ளத்தாக்கின் அடியில் ஊற்றாக வெளியே வருகிறது. இந்தச் சிறு மலைநாட்டில் ஏறக்குறைய ஆயிரம் குகைகள் இருப்பதற்குக் காரணம் அதுதான். பூர்க்கைலன்ராய்ட் ஊரருகே இப்படியொரு குகையில் கிடைத்த எலும்புகளை வைத்துத்தான் 1794-இல் ரோசன்முல்லர் குகைக் கரடிக்கு அறிவியல் பெயர் வைத்தார்.

ஆக, மழைக்கும் பனிக்கும் குறைவில்லாத ஊர்களில்தான் நெடுங்காலம் தண்ணீர் இல்லாமல் இருந்தது. மேட்டில் நிற்கிறவனின் காலுக்குக் கீழே தண்ணீர் ஓடிக்கொண்டே இருக்கிறது. கிணறு வெட்டலாம் என்றால் கல்லை நூறு மீட்டருக்குக் குறையாமல் குடைய வேண்டும். ஆறு கண்ணுக்குத் தெரிகிறது, காதுக்கும் கேட்கிறது. குடத்துக்கு மட்டும் எட்டியதில்லை. மேலே ஏறி வந்து சேர்ந்தபோது என் முழங்கால் இரண்டும் நடுங்கின. வழி நெடுக வெறுங்கையோடுதான் நடந்திருந்தேன்.

பிளாஸ்டிக் சண்டை பாட்டியின் வெற்றியில் முடிந்தது. தொட்டிக்கு நேர் மேலே வரும் வளைவில் நிஜ முட்டை, காற்று மோதும் வெளிப்பக்கத்தில் பிளாஸ்டிக் என்று ஏணிப் பெண் இறங்கி வந்தாள். வளைவு என்பது மரச் சட்டத்தில் ஊசியிலைக் கொத்துகளைக் கம்பியால் இறுக்கிச் சுற்றிய தோரணம். கத்தரித்த வண்ணக் காகிதப் பட்டைகளும் நடுநடுவே தொங்கும். அவற்றைப் பென்சலா என்கிறார்கள். முட்டையின் இரு முனையிலும் ஊசியால் துளையிட்டு, ஒரு துளையில் வாய் வைத்து ஊத, மறு துளை வழியாக மஞ்சளும் வெள்ளையும் கிண்ணத்தில் விழுகிறது. பாட்டி என் கையில் ஒன்றைக் கொடுத்தார். கன்னம் இரண்டும் விண்ணென்று தெறித்தன. ஊதி முடித்த ஓட்டைக் கழுவி, உலர்த்தி, வண்ணம் தீட்டி, மழைக்குத் தாங்கும்படி மெருகெண்ணெய் பூசிக் கம்பியில் கோக்கிறார்கள். பாட்டி எடுத்துக் காட்டிய முட்டையில் நகக்கண் அளவுக்கு ஒரு நீல மலர் இருந்தது. அதன் இதழ்களை எண்ண முடிந்தது.

"உள்ளே இருந்ததை எல்லாம் என்ன செய்வீர்கள்?" என்று கேட்டேன். பதிலுக்கு எங்களைச் சாப்பிடக் கூட்டிப் போனார்கள். வாரக்கணக்கில் ஊதியதெல்லாம் மாவில் பிசைந்து, மெல்லியதாகத் தேய்த்து, நூலாக வெட்டிக் காய வைத்த நூடுல்ஸாக இருந்தது. மாட்டிறைச்சிச் சாற்றில் அதைப் போட்டு, மேலே வெங்காயத்தாள் தூவிக் கொடுத்தார்கள். நான் மாட்டிறைச்சி சாப்பிடுவதில்லை என்று தோழி சொல்ல, பாட்டி ஒன்றும் கேட்காமல் எழுந்து போய், வெண்ணெயில் வதக்கிய நூடுல்ஸும் முட்டைப் பொரியலும் கறுப்பு ரொட்டியும் கொண்டுவந்து வைத்தார். அதற்குப் பிறகு முட்டை கேக். இந்த ஊரில் தோரணம் கட்டும் மாதத்தில் முட்டை இல்லாத சாப்பாடே கிடையாது என்றாள் ஏணிப் பெண். ஜெர்மன் சாப்பாடு வறட்டுச் சாப்பாடு என்று நானும் கேட்டு நம்பியிருந்தேன். அந்த வெண்ணெய் நூடுல்ஸ் இன்றும் நாக்கில் நிற்கிறது.

சாப்பிட்டுக்கொண்டே பாட்டி சொன்னார். அவருடைய பாட்டி காலத்தில் முதுகில் வார் போட்டுச் சுமக்கும் மரத்தொட்டியில்தான் தண்ணீர் மேலே வந்ததாம். கோடை முற்றினால் மாட்டு வண்டியில் பீப்பாயை ஏற்றி இறக்கத்தில் அனுப்புவார்களாம். நாங்கள் ஏறி வந்தது போன்ற பாதையில்தான். குளிர்காலத்தில் தளும்பிய தண்ணீர் பாவாடையில் உறைந்து தகடாகிவிடும், நடக்கும்போது தகடு தகடாக உரசிச் சத்தம் கேட்கும் என்று அந்தப் பாட்டி சொன்னது இவருக்கு நினைவிருந்தது.

இந்த மேட்டு ஊர்களில் தண்ணீரை நிறுத்திவைக்க முக்கியமான வழியாக இருந்தது ஹ்யூலே. பள்ளமான இடத்தில் களிமண்ணை மிதித்துக் கெட்டிப்படுத்தி மழைநீரைத் தேக்கிய குட்டை. களிமண் இல்லாவிட்டால் ஒரு துளிகூட நிற்காது. மாடு குடிப்பதும், தீப்பிடித்தால் அணைப்பதும் அதில்தான். வீட்டுக் கூரையில் விழும் மழையைத் தொட்டியில் பிடித்து வைத்ததும் உண்டு. "சின்னப் பெண்ணாக இருந்தபோது நான்தான் மாட்டை ஓட்டிப் போவேன். மாடு காலை வைத்ததும் குட்டை கலங்கிவிடும்" என்றார் பாட்டி.

நான் எங்கள் ஊருணியைப் பற்றிச் சொன்னேன். அதுவும் மழைக்காக ஏந்திய மண் கிண்ணம்தான். எங்கள் பக்கத்தில் குடிக்கிற ஊருணி வேறு, குளிக்கிற, மாடு இறங்குகிற ஊருணி வேறு. குடிக்கிற ஊருணியில் யாரும் காலை நனைக்க மாட்டார்கள், படியில் நின்றுதான் மொண்டுகொள்வார்கள் என்று தோழி மொழிபெயர்த்ததும், பாட்டி கரண்டியைக் கீழே வைத்துவிட்டார். "குடிப்பதற்கென்று தனியாக ஒன்றா?" என்று இரண்டு தடவை கேட்டார். அவ்வளவு மழை பெய்யுமா, எவ்வளவு ஆழம், யார் காவல் என்று அடுக்கினார். எனக்குத் தெரிந்ததைச் சொன்னேன். காலையில் பீபர்பாக்கில் நின்றபோது என் மனதில் இருந்த பெருமிதம் அந்த மேசையில் இல்லாமல் போயிற்று. அங்கே உட்கார்ந்திருந்தது ஒரே கஷ்டம் தெரிந்த இரண்டு பேர்.

20ஆம் நூற்றாண்டில் ஒவ்வொரு ஊராகக் குழாய் வந்தது. மேட்டு ஊர்கள் சிலவற்றுக்கு முதலில் ஹைட்ராலிக் ராம் என்னும் எந்திரம் தண்ணீர் ஏற்றியது. அதற்கு எண்ணெயோ மின்சாரமோ வேண்டாம். சரிவில் விழுந்துவரும் தண்ணீரின் வேகத்தைக் கொண்டே அதில் ஒரு சிறு பங்கை மேலே தள்ளும். குழாய் வந்த பிறகு பல ஊர்களில் ஹ்யூலேயை மூடினார்கள். மேலே சாலையும் வண்டி நிறுத்துமிடமும் வந்தன. தவளையும் தும்பியும் போனபிறகு, இப்போது சில ஊர்களில் திரும்பத் தோண்டிக் களிமண் போடுகிறார்கள்.

தொட்டியை முட்டையால் அலங்கரிக்கும் வழக்கம் நாம் நினைக்கிற அளவுக்குப் பழசில்லை. 20ஆம் நூற்றாண்டின் தொடக்கத்தில்தான் எழுத்தில் தென்படுகிறது, சுற்றுலா வளர்ந்த பிறகே ஊருக்கு ஊர் பரவியது. இன்று ஏறக்குறைய இருநூறு இடங்களில் கட்டுகிறார்கள். அதற்கு அடியில் இருக்கும் வேலைதான் பழையது. குளிர் போனதும் தொட்டியில் படிந்த பாசியையும் இலைச் சருகையும் வாரித் தள்ளிக் கழுவுவது ஊர்ப் பொறுப்பு. ஈஸ்டர் அன்று விடியுமுன், யாரோடும் பேசாமல் போய் ஓடும் நீரில் மொண்டுவந்த தண்ணீர் நோய் தீர்க்கும் என்பதும் ஜெர்மனியில் பல இடங்களில் இருந்த நம்பிக்கை.

சுற்றுலாவுக்காகச் செய்வது போலி என்று என் தோழி சொல்வாள். வரும் வழியில் நானும் ஆமோதித்தேன். அந்த ஏணியடியில் நின்றபிறகு எனக்கு அப்படித் தோன்றவில்லை. அதற்கு இந்த ஊர்களின் பழைய கதையும் ஒரு காரணம். இந்த மலைநாடு நெடுங்காலம் இரண்டாகப் பிரிந்து கிடந்தது. சில ஊர்கள் பாம்பெர்க் ஆயரின் ஆட்சியில், கத்தோலிக்கம். சில ஊர்கள் பைராய்ட் பிரபுவின் ஆட்சியில், லூத்தரன். அடுத்தடுத்த ஊர்களில் வேறு வேறு வழிபாடு, வேறு வேறு வரி. பாம்பெர்க் 1803-இலும் பைராய்ட் 1810-இலும் பவேரியாவோடு சேர்ந்தன. இன்று தோரணம் கட்டுகிற ஊர்களில் இரண்டு திருச்சபையாரும் இருக்கிறார்கள். கல் எல்லார் மழையையும் ஒரே மாதிரிதான் விழுங்கியது. பார்க்க வருகிறவர்களுக்காகத் தோரணம் இன்னும் கொஞ்சம் பெரிதாகியிருக்கலாம். ஆனால் எந்த வளைவில் நிஜ முட்டை தொங்க வேண்டும் என்று அந்தப் பாட்டி மல்லுக்கு நின்றது எந்தப் பேருந்துக்காகவும் இல்லை.

ஒரு கவலையும் சொன்னார்கள். மண் ஆழமில்லாத இந்தக் கல்லில் எதைக் கொட்டினாலும் வடிகட்டாமல் இறங்கிவிடும். வயலில் பாய்ச்சும் சாணிக் கரைசலும் உரமும் சீக்கிரமே கீழே ஊற்றில் போய்ச் சேரும். முன்காலத்தில் பாறைக் குழிகளில் குப்பை கொட்டியவர்களும் உண்டு. மேலே இருப்பவர்கள் கவனமாக இல்லையென்றால் கீழே குடிப்பவர்களுக்கு ஆபத்து.

கிளம்பும்போது ஏணிப் பெண் என்னிடம் தனியாக ஒன்று சொன்னாள். அத்தை இன்றைக்குச் சொன்ன பாவாடைக் கதை அவளே இதுவரை கேட்டிராதது. வெளியூர்க்காரி கேட்டதால் வந்தது. ஊரைப் பற்றிய சிறு புத்தகத்தில் பிரபுக்களும் போர்களும் இருக்கின்றன, தண்ணீர் சுமந்தவர்களின் பெயர் ஒன்றுகூட இல்லை என்றாள்.

எங்கள் ஊர் வரலாற்றிலும் இல்லை. ஊருணி வெட்டியவர் பெயர் கல்லில் இருக்கிறது, சுமந்தவர் பெயர் எங்கும் இல்லை. இதைப் படிக்கிறவர்களின் வீட்டில் இடுப்பில் குடம் ஏந்திய பாட்டியோ அத்தையோ இன்னும் இருந்தால், எந்த ஊருணி, எவ்வளவு தூரம், ஒரு நாளைக்கு எத்தனை நடை, கூட யார் யார் வந்தார்கள் என்று இந்த வாரமே கேட்டுப் பெயரோடு எழுதி வையுங்கள்.