பறவை பாடி முடிக்கட்டும்

மயில் ஷட்ஜத்தில் அகவும், குயில் பஞ்சமத்தில் கூவும் என்று பாட்டு வாத்தியார் சின்ன வயதில் சொல்லிக்கொடுத்தார். அது சரிதானா என்று பார்க்க ஐம்பது வருஷத்துக்கு முன்னால், டெல்லி ஆர்.கே. புரம் அரசுக் குடியிருப்பில் இறங்கினேன். எல்.டி.சி. குமாஸ்தா வேலை, ஊரிலிருந்து தூக்கிவந்த சுருதிப்பெட்டி, அதைவிடக் கனமான கர்வம். அன்றைக்கு என் சொத்து அவ்வளவுதான்.

மார்ச் பிறந்தால் வேப்பமரத்தில் குயில் தொடங்கிவிடும். விடியுமுன் பால்கனியில் உட்கார்ந்து, கோடு போட்ட நோட்டில் 'ப' என்று எழுதுவேன். அடுத்த கூவல் கொஞ்சம் மேலே ஏறியிருக்கும். அழித்துவிட்டு 'த' போடுவேன். அதற்குள் அது இன்னும் ஏறியிருக்கும். அழித்து அழித்துத் தாளில் ஓட்டை விழுந்ததுதான் மிச்சம். மாடி வீட்டு சர்தார்ஜி எட்டிப் பார்த்து, தூக்கத்தைக் கெடுக்கக் குயில் ஒன்று போதாதா என்று கேட்டார்.

வெயில் ஏறியதும் அக்காக்குயில் வந்தது. இந்திக்காரர்கள் அதைப் பப்பீஹா என்பார்கள். 'பீ கஹா', அன்பன் எங்கே என்று கேட்கிறதாம். வெள்ளைக்காரன் காதில் அதே குரல் 'பிரெய்ன் ஃபீவர்' என்று விழுந்தது. வங்காளிக்கு 'சோக் கேலோ', கண் போச்சே! எனக்கோ அதில் எந்த ஸ்வரம் என்ற ஒரே கவலை.

நான் படும் பாட்டைத் தோட்டத்து மாலி தினமும் பார்த்துக்கொண்டிருந்தார். எழுதப் படிக்கத் தெரியாதவர். ஒருநாள், "பாபுஜி, அது முடிக்கிறதுக்குள்ளே நீங்க எழுத ஆரம்பிச்சிடுறீங்க. கொஞ்சம் பொறுங்க" என்றார். தண்ணீர் விட்ட பாத்தியின் ஈர மண்ணில் ஒரு குச்சியை ஊன்றிக் காத்திருந்தார். பறவை முழுதாகக் கூவி அடங்கிய பிறகு கோடு இழுத்தார். படிப்படியாக மேலே ஏறியது. மேலே போகப்போகப் படிகள் நெருங்கின. உச்சியில் சட்டென்று நின்றது. சற்றுத் தள்ளி மறுபடி அடியிலிருந்து ஒரு படிக்கட்டு. பறவை பாடியது அச்சாக அதுவேதான். நான் சிரித்தேன். இது என்ன நொட்டேஷன் என்று நினைத்தேன்.

பல வருஷம் கழித்து, ஜன்பத் தேசிய அருங்காட்சியகத்தில் ராகமாலா ஓவியங்களின் முன்னால் நின்றபோது அந்தச் சிரிப்பு நினைவுக்கு வந்து கூச்சமாக இருந்தது. ராகத்தை வரைய வந்தவர்கள் ஸ்வரத்தை எழுதவில்லை. மதுமாதவி ராகினி என்றால் கருமேகம், மின்னல், மழைக்கு முன் வீட்டுக்குள் விரையும் பெண், கழுத்தை நீட்டி அகவும் மயில்கள். பார்த்தாலே காதில் இடி கேட்கும்.

இப்போது ஓவியம் படிக்கும் பேத்தி சுவர் நீளத்துக்குத் தாள் ஒட்டி, குயிலின் குரலை வண்ணத் தீற்றல்களாக வரைகிறாள். "இதையும் பார்த்து வாசிக்கலாம் தாத்தா" என்கிறாள். இங்கிலாந்தில் கார்னீலியஸ் கார்ட்யூ என்ற இசையமைப்பாளர் 1963 முதல் 1967 வரை உட்கார்ந்து 193 பக்கம் வட்டமும் கோடுமாக வரைந்து, எப்படி வாசிப்பது என்று ஒரு குறிப்பும் தராமல் விட்டாராம். பிரான்சின் ஒலிவியே மெசியான் நோட்டும் கையுமாகக் காடு மேடெல்லாம் அலைந்து பறவைக் குரல்களைப் பியானோவுக்கு எழுதினாராம். பறவையின் வேகத்துக்கு மனிதக் கை ஈடுகொடுக்காது என்று வேகத்தைக் குறைத்துத்தான் எழுத முடிந்ததாம். அந்த மேதைக்கே அந்தப் பாடு என்று கேட்டபோது எனக்குக் கொஞ்சம் ஆறுதல்.

மாலி சொன்னது பறவைக்கு மட்டுமில்லை என்று புரிய எனக்கு முடி நரைக்க வேண்டியிருந்தது. ஆபீசில், வீட்டில், யார் பேசினாலும் பாதியிலேயே பதிலை எழுதிவிடும் ஆள் நான். "என்னங்க, நான் இன்னும் முடிக்கல" என்று என் மனைவி எத்தனை வருஷமாகச் சொல்லியிருப்பாள்!

இன்று காலை வேப்பமரத்தில் குயில் கூவிக்கொண்டிருந்தது. அவள் முழங்கால் வலியில் தொடங்கி, தங்கை மகள் கல்யாணத்துக்குப் போய், பால்காரர் கணக்குக்கு வந்து நின்றாள். வாயைத் திறக்காமல் கேட்டுக்கொண்டிருந்தேன். குயில் எப்போதோ முடித்துவிட்டிருந்தது.