காய் பொறுக்குற கை

பொட்டிப்புரம்னு சொன்னதும் ஆபீசில் நியூட்ரினோ ஆய்வகம் பற்றித்தான் கேட்பார்கள். எனக்கு அது, விடிஞ்சதும் அம்மா போடி பஸ்ஸுக்கு ஓடுற ஊர்.

இடுக்கி மலையில் விளையும் ஏலக்காய்க்குப் போடி பெரிய சந்தை. ஸ்பைசஸ் போர்டு ஏலத்தில் வியாபாரிகள் கம்ப்யூட்டர் முன்னால் உட்கார்ந்தே விலை கேட்கிறார்கள். எடுத்த காய் குடோனுக்கு வந்ததும் பருமன், பச்சை, வெடிப்பு பார்த்துப் பிரிப்பது பெண்கள். அந்தக் கூலியில்தான் அம்மா என்னை இன்ஜினியரிங் படிக்க வைத்தாள். பீஸ் கட்டக் கொடுத்த நோட்டிலும் ஏலக்காய் வாசம் அடிக்கும்.

இப்போது நான் எழுதுவது, கேமராவில் பார்த்து விளைபொருளைத் தரம் பிரிக்கும் மென்பொருள். போன பொங்கலுக்கு அம்மா கேட்டாள்: "என்னதான்டா வேலை பாக்குற?"

"நீ பாக்குற வேலைதாம்மா."

சிரித்தாள். மிச்சத்தைச் சொல்ல எனக்கு வாய் வரவில்லை.