தகட்டில் இருந்த பெயர்கள்

மதியச் சாப்பாடு முடிந்து எல்லாரும் இருக்கைக்குத் திரும்பியதும் அந்தச் சத்தம் ஆரம்பிக்கும். டக்... டக்... டக். அட்ரிமா இயந்திரம் பிரீமியம் நோட்டீஸ்களில் முகவரி அடிக்கிற சத்தம். பாலிசிதாரர் ஒவ்வொருவருக்கும் ஒரு சின்ன உலோகத் தகடு. பெயரும் ஊரும் பாலிசி எண்ணும் அதில் புடைப்பாக இருக்கும். 1976-இல் மதுரையில் எல்.ஐ.சி. கோட்ட அலுவலகத்தில் உதவியாளராகச் சேர்ந்தேன். இழுப்பறையைத் திறந்தால் கமுதி, முதுகுளத்தூர், போடி, கம்பம் என்று ஊர் ஊராக ஆட்கள் தகடாக நின்றிருப்பார்கள்.

டெத் கிளைம் பிரிவில் என்னைப் போட்டார்கள். அங்கே மூத்தவரை ‘ஓரியண்டல் சார்’ என்போம். 1956 செப்டம்பர் 1-இல், 245 கம்பெனிகளையும் சொசைட்டிகளையும் ஒன்றாக்கி எல்.ஐ.சி.யைத் தொடங்கியபோது ஓரியண்டல் என்ற பழைய கம்பெனியிலிருந்து வந்தவர் அவர். இருபது வருஷம் கழிந்த பிறகும் அந்தத் தலைமுறை, “நான் ஓரியண்டல், அவர் யுனைடெட் இந்தியா” என்று சொந்த ஊரைச் சொல்வது போலச் சொல்லிக்கொள்ளும்.

கிளைம் வந்தால் நாங்கள் முதலில் பார்ப்பது பிரீமியம் பாக்கி உண்டா, நாமினி யார், பாலிசி போட்டு இரண்டு வருஷம் ஆயிற்றா என்பதைத்தான். ஆகவில்லை என்றால் அன்று அது எர்லி கிளைம், விசாரணை உண்டு. சார் மட்டும் பாலிசிக் கோப்பின், அதாவது டாக்கெட்டின், அடியிலிருக்கும் புரபோசல் விண்ணப்பத்தைத் திருப்புவார். தகப்பனார் இருக்கிறாரா, இல்லையென்றால் எந்த வயதில், எதனால் போனார், கூடப்பிறந்தவர்கள் எத்தனை பேர் என்று குடும்பமே அதில் இருக்கும். கூடவே டாக்டர் அறிக்கை: உயரம், எடை, மார்பளவு, அங்க அடையாளம். “ஆளைப் பாத்துட்டு அப்புறம் கணக்கைப் பாருங்க தம்பி” என்பார்.

ஒருநாள் உசிலம்பட்டிப் பக்கத்திலிருந்து ஒரு அம்மா, அண்ணனோடு வந்தார். புருஷன் பஸ் கண்டக்டர். பாலிசி ஐயாயிரம் ரூபாய்க்கு. கிளைம் கேட்கும் 3783 பாரத்தில் ஒரு பதில் விட்டுப்போயிருந்தது. அதைக் கேட்டு எழுதி, இடதுகைப் பெருவிரலை மையில் தொட்டு ரேகை வைக்கச் சொன்னேன். வைத்துவிட்டு எழுந்தவர், “அவுக கையெழுத்து இதுல இருக்குமாங்கய்யா? ஒருக்கா பாத்துக்கிடவா?” என்றார்.

எனக்கு என்ன சொல்வதென்று தெரியவில்லை. சார் எழுந்து வந்து டாக்கெட்டைத் திருப்பி அந்த அம்மா பக்கம் வைத்தார். படிக்கத் தெரியாதவர், கையெழுத்தின் மேல் விரலை வைத்து மெல்ல நகர்த்தினார். சார் அங்க அடையாளத்தைத் தமிழில் சொன்னார்: “இடது புருவத்துக்கு மேல தழும்பு.”

“மாடு முட்டுனதுங்கய்யா. கண்ணாலத்துக்கு முன்னாடி” என்றார் அந்த அம்மா. வந்ததிலிருந்து அப்போதுதான் முகம் கொஞ்சம் தெளிந்தது.

பணம் பட்டுவாடா ஆனதும் தகட்டை எடுப்பது என் வேலை. எத்தனையோ தகடுகளை எடுத்துத் தகரப்பெட்டியில் போட்டிருக்கிறேன். எண்ணைச் சரிபார்த்ததோடு சரி. அந்தக் கண்டக்டரின் தகட்டில்தான் முதன்முதலாகப் பெயரைப் படித்தேன். அதற்குப் பிறகு பெயரைப் படிக்காமல் ஒரு தகட்டையும் எடுத்ததில்லை.

கம்ப்யூட்டர் வந்தது. தகடுகள் பழைய இரும்புக்குப் போயின. இன்று நாமினியின் வங்கிக் கணக்கிலேயே பணம் ஏறிவிடுகிறது. பாரத்தில் ஒரு பதில் விட்டுப்போனதற்காக, துக்கத்தோடு பஸ் ஏறி வந்தவர்களைப் பார்த்தவன் நான். இந்த மாற்றம் பெரிய நன்மை என்று மனசாரச் சொல்வேன். ஆனாலும் அந்தத் தழும்பின் கதையைச் சொல்ல எதிரே ஒரு ஆள் வேண்டியிருந்ததே, அந்த இடம் இப்போது எங்கே இருக்கிறது என்று தேடுகிறேன்.

சர்வீஸில் இருக்கும்போதே சார் போய்விட்டார். அவருடைய டாக்கெட் என் மேசைக்குத்தான் வந்தது. அவர் சொல்லிக்கொடுத்தபடி முதலில் புரபோசலைத் திருப்பினேன். வலது கட்டைவிரல் அடியில் மச்சம் என்று இருந்தது. டாக்கெட் புரட்டிய அந்தக் கையைப் பத்து வருஷம் பக்கத்து மேசையிலிருந்து பார்த்திருக்கிறேன். மச்சத்தைப் பார்த்ததில்லை.