கரி அடுப்போடு வாங்கிய வீடு



போன வாரம் பழனி பேருந்தில் பழைய மாணவன் ஒருவன் எழுந்து இடம் கொடுத்துவிட்டு, "டீச்சர், அமெரிக்காவுல உங்க மக வீட்டுல கரி போட்டுத்தான் வீட்டைச் சூடு பண்றாங்களாமே, நெசமா?" என்று கேட்டான். கீரனூர் வருவதற்குள் பாதிதான் சொல்ல முடிந்தது. மீதியை எல்லோருக்கும் சேர்த்தே எழுதிவிடுகிறேன். நீளமாகத்தான் இருக்கும். மணி அடித்த பிறகும் பாடம் நடத்துகிறவள் நான் என்பது உங்களுக்குத் தெரியாததா?

நிஜம்தான். மகளும் மாப்பிள்ளையும் 2022 கோடையில் தங்கள் முதல் வீட்டை வாங்கினார்கள். பென்சில்வேனியா மாநிலத்தில் ஸ்க்ராண்டன் நகரத்துக்குப் பக்கம். அதற்கு முன் நியூஜெர்சியில் வாடகைக்கு இருந்தார்கள். அங்கே வீட்டு விலையைக் கேட்டாலே தலை சுற்றும். இங்கே மரத்தால் கட்டிய இரண்டு மாடி வீடு, பின்னால் கொஞ்சம் தோட்டம், விலையும் எட்டும் தூரத்தில். அந்த வருடம் வீட்டுக்கடன் வட்டி வேறு ஏறிக்கொண்டே போனது. 2021-ல் 3 சதவீதத்தை ஒட்டி இருந்தது, 2022 அக்டோபரில் 7-ஐத் தாண்டிவிட்டது. "இன்னும் யோசிச்சுட்டே இருந்தா நம்மால வாங்கவே முடியாதும்மா" என்றாள். அப்போது அவள் மூன்று மாதக் கர்ப்பிணி.

வீடியோவில் வீட்டைச் சுற்றிக் காட்டினாள். கூடம், சமையலறை, மாடி எல்லாம் பார்த்தோம். கடைசியாக வீட்டுக்கு அடியில் இருக்கும் நிலவறைக்கு இறங்கினாள். இருட்டில் பீரோ உயரத்துக்கு ஓர் இரும்பு உலை. பக்கத்தில் பலகை அடித்த தொட்டி நிறையக் கரி. என் வீட்டுக்காரர் கண்ணாடியைத் துடைத்துப் போட்டுக்கொண்டு, "இதென்ன, இஸ்திரிக்காரர் வீடா?" என்றார்.

நமக்குக் கரி என்றால் இஸ்திரிப் பெட்டியில் போடும் அடுப்புக்கரிதான் ஞாபகம் வரும். என் வயதுக்காரர்களுக்குப் பழனி ஸ்டேஷனில் கரி எஞ்சின் புகைவிட்டு நின்றதும், நெய்வேலியிலிருந்து வந்த 'லெகோ' கரியும் நினைவிருக்கும். நெய்வேலியில் கிடைப்பது பழுப்பு நிலக்கரி. ஈரம் அதிகம், சூடு குறைவு. அதைச் சுட்டுப் பதப்படுத்திக் கட்டியாக்கி, வீட்டு அடுப்புக்கென்று விற்றதுதான் லெகோ. ஸ்க்ராண்டன் பக்கம் கிடைப்பது நேர் எதிர் ஜாதி. ஆந்த்ரசைட் என்று பெயர். கல் மாதிரி இறுகி, கண்ணாடி மாதிரி மினுங்கும். நூற்றுக்கு எண்பத்தைந்துக்கு மேல் கரிமம். எளிதில் பற்றாது, பற்றிவிட்டால் நீலச் சுவாலையில் புகையே தெரியாமல் எரியும்.

1940-ல் அமெரிக்க வீடுகளில் பாதிக்கும் மேல் நிலக்கரியால்தான் சூடேறின. பிறகு எண்ணெய், எரிவாயு, மின்சாரம் என்று மாறிவிட்டார்கள். இன்று கரியில் நிற்பவை நூற்றுக்கு ஒன்றுகூட இல்லை. அந்த மிச்சத்தில் பெரும்பகுதி கரி தோண்டிய இந்த ஊர்களைச் சுற்றித்தான்.

வீட்டுக்கு முன்பணம் கட்ட என் ஓய்வுக்காலப் பணத்தில் ஒரு பங்கு தருவதாக ஒப்புக்கொண்டிருந்தேன். ஆகவே கேள்வி கேட்கும் உரிமையும் எடுத்துக்கொண்டேன். கரியை யார் அள்ளிப் போடுவது? மாப்பிள்ளைக்கு ஆஸ்பத்திரியில் இரவு வேலை. வயிற்றுப் பிள்ளைக்காரி சட்டி தூக்கக் கூடாது. புகை எங்கே போகும்? இவ்வளவு கரி தோண்டிய ஊரில் வீட்டுக்குக் கீழே மண் இருக்கிறதா?

முதல் இரண்டுக்கும் மாப்பிள்ளை பொறுமையாகப் பதில் சொன்னார். மூன்றாவதைக் கேட்டதும் கொஞ்சம் தயங்கி, "நானும் அதைத்தான் பார்த்துட்டு இருக்கேன் அத்தை" என்றார்.

அந்த ஊர்க்கதையைச் சொன்னால்தான் அவர் தயக்கம் புரியும். 1959 ஜனவரி 22 அன்று, ஸ்க்ராண்டனுக்குத் தெற்கே பிட்ஸ்டன் பக்கத்தில், சஸ்குவெஹானா ஆற்றுக்கு அடியிலேயே கரி வெட்டிக்கொண்டு போயிருக்கிறார்கள். கூரை மெலிந்து, ஆறு சுரங்கத்துக்குள் இறங்கிவிட்டது. உள்ளே இருந்த 81 பேரில் 12 பேர் திரும்பவில்லை. ஆற்றில் விழுந்த ஓட்டையை அடைக்க ரயில் கரிப்பெட்டிகளையே சுழலுக்குள் தள்ளியிருக்கிறார்கள். நாக்ஸ் சுரங்க விபத்து என்று சொல்வார்கள். அந்தப் பள்ளத்தாக்கில் ஆழச் சுரங்கத் தொழில் அதோடு படுத்துவிட்டது. தோண்டிய வெற்றிடம் மட்டும் தெருக்களுக்கும் பள்ளிக்கூடங்களுக்கும் அடியில் அப்படியே கிடக்கிறது. எங்கேயாவது மண் உள்வாங்கினால் சாதாரண வீட்டுக் காப்பீடு அதற்குப் பணம் தராது. அதற்காகவே மாநில அரசு 1961-லிருந்து தனிக் காப்பீடு ஒன்று நடத்துகிறது. பழைய சுரங்க வரைபடங்களையும் மக்கள் பார்க்கலாம். மாப்பிள்ளை பார்த்தார். அவர்கள் தெருவுக்குக் கீழேயும் கரி எடுத்திருக்கிறார்கள். ஒரு வாரம் வீட்டில் யாரும் சரியாகச் சாப்பிடவில்லை. அக்கம்பக்கத்தில் விசாரித்தார், இன்ஜினியர் ஒருவரை அழைத்து அஸ்திவாரம், சுவர், புகைபோக்கி எல்லாம் பார்க்கச் சொன்னார், விரிசல் இல்லை. அந்தக் காப்பீட்டையும் எடுத்துக்கொண்டு கையெழுத்துப் போட்டார்கள். நான் பணத்தை அனுப்பினேன். பயம் போய்விட்டதா என்றால், இல்லை.

நவம்பரில் பிரசவம் பார்க்க நானே போய்ச் சேர்ந்தேன். மேலே ஒரு பெட்டி, நம் பத்தாயம் மாதிரி. அதில் கரியைக் கொட்டிவிட்டால் மோட்டார் கொஞ்சம் கொஞ்சமாக உள்ளே தள்ளும். எரிந்த சாம்பல் அடித்தட்டில் விழும். விசிறி சூட்டுக் காற்றைக் குழாய் வழியாக ஒவ்வோர் அறைக்கும் அனுப்பும். கரியைச் சலித்து அளவுக்கு ஒரு பெயர் வைத்திருக்கிறார்கள்: முட்டை, பட்டாணி, அரிசி, பார்லி. மளிகைக் கடைச் சீட்டு மாதிரி இருக்கிறதா? மகள் வீட்டு உலைக்கு 'அரிசி'தான் தீனி. ஒரு குளிர்காலத்துக்கு நாலைந்து டன்.

மாப்பிள்ளை வேலைக்குப் போகும் இரவுகளில் அந்தப் பொறுப்பு என்னுடையது. நான் சின்னப் பெண்ணாக இருந்தபோது எங்கள் அம்மா ராத்திரி கங்கைச் சாம்பலால் மூடி வைத்து, காலையில் ஊதிப் பற்றவைப்பார். தீப்பெட்டிக்குக்கூடக் கணக்குப் பார்த்த வீடு. நெருப்பைப் பட்டினி போடவும் கூடாது, அமுக்கவும் கூடாது என்பது எனக்குப் புதிய பாடமில்லை. சாம்பலைத் தினமும் இரும்பு வாளியில் அள்ளி, மூடி போட்டு, வீட்டுக்கு வெளியே தள்ளி வைக்க வேண்டும். ஆறிவிட்டது போலத் தெரியும், உள்ளே கங்கு இருக்கும். வாசலில் பனி உறைந்து வழுக்கும் நாளில் ஆறிய சாம்பலையே தூவினோம்.

அந்த டிசம்பர் கடைசியில், கிறிஸ்துமஸ் சமயம், அமெரிக்காவின் பெரும்பகுதியையும் ஒரு கொடுங்குளிர் பிடித்தது. செய்தியில் பார்த்திருப்பீர்கள். அதில் ஓர் இரவு எங்கள் தெருவில் மின்சாரம் போனது. மின்சாரம் இல்லையென்றால் கரி தள்ளும் மோட்டாரும் இல்லை, விசிறியும் இல்லை. கண்ணெதிரே நெருப்பு கருத்தது. மாப்பிள்ளை ஆஸ்பத்திரியில். மகளுக்கு எந்நேரமும் வலி வரலாம். பின்கட்டில் கிடந்த பார்பிக்யூ அடுப்பை உள்ளே கொண்டுவரலாமா என்று கேட்டாள். "அடி விழும்" என்றேன்.

பிள்ளைகளே, இது நம் ஊருக்கும் வேண்டிய பாடம். கரி எரியும்போது வரும் கார்பன் மோனாக்சைடுக்கு நிறமும் இல்லை, மணமும் இல்லை. ரத்தத்தில் ஆக்ஸிஜனைவிட 200 மடங்குக்கும் மேல் வலுவாக ஒட்டிக்கொள்ளும். தூங்குகிறவர்களுக்கு மூச்சு முட்டுவதே தெரியாது. கொடைக்கானலுக்கும் ஊட்டிக்கும் போய், அறைக்குள் கரி அடுப்பை வைத்துக் கதவைச் சாத்திப் படுத்து, காலையில் எழாதவர்களைப் பற்றிச் செய்தித்தாளில் படிக்கிறோமே, அதே வாயுதான். மகள் வீட்டில் ஒவ்வொரு மாடியிலும் அதைக் கண்டுபிடித்து அலறும் கருவி, பேட்டரியோடு, வைத்திருக்கிறார்கள். உலையின் வாயு புகைபோக்கி வழியாக மேலே இழுபட வேண்டும். குளிர் குறைந்த நாட்களில் அந்த இழுப்பும் குறையும். ஆகவே கடுங்குளிர் நாளைவிட இதமான நாளில்தான் கூடுதல் கவனம்.

நாலு மணி நேரம் இருந்த கம்பளி அத்தனையும் போர்த்தி உட்கார்ந்திருந்தோம். மின்சாரம் வந்ததும் நான்தான் இறங்கிப் போனேன். ஆந்த்ரசைட் தீக்குச்சிக்கு மசியாது. மரச்சிராய், அதன்மேல் அடுப்புக்கரி, அது கனிந்த பிறகு 'அரிசி' என்று வரிசையாகப் போட்டு, புகைபோக்கி இழுக்கிறதா என்று பார்த்துப் பார்த்துப் பற்றவைத்தேன். விடியும்போது வீடு வெதுவெதுப்பாகிவிட்டது. வேலையிலிருந்து வந்த மாப்பிள்ளை என் கையைப் பார்த்துச் சிரித்தார். பேத்தி ஜனவரியில் பிறந்தாள்.

ஊர் திரும்புவதற்கு முன் ஸ்க்ராண்டனில் பார்வையாளர்களுக்காக வைத்திருக்கும் பழைய சுரங்கத்துக்குக் கூட்டிப்போனார்கள். 300 அடி ஆழம். உள்ளே இருட்டைவிட என்னைப் பிடித்து நிறுத்தியவை சிறுவர்களின் படங்கள்தான். நூறு வருடத்துக்கு முன், எட்டு வயது, பத்து வயதுப் பையன்கள் ஓடும் கரியிலிருந்து கல்லைப் பொறுக்கும் வேலை செய்திருக்கிறார்கள். 1911-ல் பிட்ஸ்டன் பக்கம் அவர்களைப் படமெடுத்த லூயிஸ் ஹைன் முன்பு பள்ளி ஆசிரியராக இருந்தவர். அந்தக் கறுத்த முகங்களில் நான் என் மூன்றாம் வகுப்பைப் பார்த்தேன். பஞ்சு மில்லுக்கு அனுப்பிவிட்ட பிள்ளையைத் திரும்பக் கூட்டிவர வீடு வீடாக நடந்தது உங்களில் சிலருக்கு நினைவிருக்கலாம். அன்று இரவு உலையில் கரியைக் கொட்டும்போது கை சற்று நின்றது.

இந்த வருடத்துக்கான கரியும் வந்து இறங்கிவிட்டது. பேத்தி நிலவறைப் படியில் இறங்காமலிருக்கச் சின்னக் கதவு போட்டிருக்கிறார்கள். உலை ஓயும் காலத்தில் மின்சார ஹீட் பம்ப் வைக்கப்போவதாக மாப்பிள்ளை சொல்கிறார். அதுவரை சாம்பல் வாளி அவர் பொறுப்பு. உங்கள் பிள்ளைகள் யாராவது அந்தப் பக்கம் வீடு பார்த்தால், விலை பேசுவதற்கு முன் சுரங்க வரைபடத்தைப் பார்க்கச் சொல்லுங்கள். விவரம் வேண்டுமென்றால் எனக்கு எழுதுங்கள், மகளோடு பேச வைக்கிறேன்.