காவிரிக் கரையில் ஒரு பாலைவனம்

பெங்களூரிலிருந்து தலக்காடு மணல்மேடு, அங்கிருந்து பிளிகிரி மலை: கோடையில் இரண்டு நாள் கார்ப் பயணம்

கோடை விடுமுறை வந்தால் பெங்களூர்க் குடும்பங்களின் கார்கள் ஊட்டிக்கோ குடகுக்கோ திரும்பும். பாலைவனம் பார்க்க ராஜஸ்தானுக்குத்தான் போக வேண்டும் என்று நினைப்பவர்களே அதிகம். அவ்வளவு தூரம் போக வேண்டியதில்லை. சுமார் 130 கிலோமீட்டரில், அதுவும் காவிரிக் கரையிலேயே, ஒரு பழைய தலைநகரத்தை விழுங்கிவிட்டு மணல் குன்றாகக் கிடக்கிறது. ஊரின் பெயர் தலக்காடு.

கனகபுரா சாலையில் விடிவதற்குள் கிளம்பிவிடுவது நல்லது. மெட்ரோ ரயில் பட்டு ஆராய்ச்சி நிலையத்தோடு நின்றுவிட, அதன்பின் தாதகுணி, ஹாரோஹள்ளி, இன்னும் கீழே தொரேகாடனஹள்ளி என்று வரிசையாக நீரேற்று நிலையங்கள். பெங்களூர் குடிக்கும் காவிரி நீர் இந்த வழியாகத்தான் வருகிறது. சுமார் 100 கிலோமீட்டர் தூரத்திலிருந்து, ஏறத்தாழ அரை கிலோமீட்டர் உயரத்துக்கு பம்புகள் அதைத் தள்ளுகின்றன. முதல் கட்டம் 1974இல் வந்தது. 2024 கோடையில் ஆழ்துளைக் கிணறுகள் வற்றி, டேங்கர் தண்ணீருக்கு அரசே விலை நிர்ணயிக்கும் நிலை ஏற்பட்டது. அதே ஆண்டு அக்டோபரில் ஐந்தாம் கட்டம் திறக்கப்பட்டு, நாளொன்றுக்கு 77.5 கோடி லிட்டர் கூடுதலாக எடுக்க வழி செய்யப்பட்டது. காரில் போகிறவர்கள் ஆற்றை நோக்கி இறங்குகிறார்கள். ஆறு குழாயில் எதிர்த்திசையில் ஏறிக்கொண்டிருக்கிறது.

மளவள்ளி தாண்டினால் கரும்பும் நெல்லும். பாலைவனத்துக்கான அறிகுறியே இல்லை. தலக்காட்டில் கார் நிற்கும் இடத்தில்கூட இளநீர்க் கடைகளும் தென்னை மரங்களும்தான். வைத்தியேசுவரர் கோயிலைக் கடந்து சில நிமிடம் நடந்தால் கால் புதைகிறது. மே மாத நண்பகலில் செருப்பில்லாமல் நடப்பவர்கள் நடப்பதில்லை, ஓடுகிறார்கள். மணல் மேலும் நகராமலிருக்க நட்ட சவுக்கும் யூகலிப்டஸும் தரும் நிழல் கொஞ்சம்தான்.

கோயில்களைப் பார்க்க இங்கே ஏறக் கூடாது, இறங்க வேண்டும். மணலைத் தோண்டி எடுத்த பள்ளங்களுக்குள் படி வைத்து பாதாளேசுவரரும் மருளேசுவரரும் இருக்கிறார்கள். முப்பதுக்கும் மேற்பட்ட கோயில்கள் மணலுக்கு அடியில் இருப்பதாகக் கருதப்படுகிறது. கார்த்திகை மாதத்தில் குறிப்பிட்ட நட்சத்திரங்கள் சேரும் ஆண்டுகளில் மட்டும் நடக்கும் பஞ்சலிங்க தரிசனத்துக்குக் கூட்டம் அலைமோதும். 2013இல் நடந்தது; அடுத்தது 2020இல், கொரோனா கட்டுப்பாடுகளுக்கு நடுவே.

இந்த மணலில் தமிழர்களுக்கும் பங்கு உண்டு. மேலைக் கங்கர்களின் தலைநகராக இருந்த தலக்காட்டை 11ஆம் நூற்றாண்டின் தொடக்கத்தில் சோழர்கள் பிடித்து, ராஜராஜபுரம் என்று பெயர் மாற்றினார்கள். அக்காலத் தமிழ்க் கல்வெட்டுகள் இங்கே கிடைத்துள்ளன. ஏறத்தாழ ஒரு நூற்றாண்டு கழித்து ஹொய்சள மன்னன் விஷ்ணுவர்த்தனன் சோழர்களை விரட்டி, 'தலக்காடுகொண்ட' என்று பட்டம் சூடிக்கொண்டான். வெற்றியின் நினைவாக 1117இல் கட்டிய கீர்த்திநாராயணர் கோயிலும் மணலுக்குத் தப்பவில்லை.

மணல் எப்படி வந்தது? ஊரில் யாரைக் கேட்டாலும் அலமேலம்மாவின் கதைதான். 1610இல் மைசூர் ராஜ உடையார் ஸ்ரீரங்கப்பட்டணத்தைக் கைப்பற்றினார். அங்கே ஆண்ட விஜயநகரப் பிரதிநிதியின் மனைவி அலமேலம்மா நகைகளோடு தலக்காட்டுக்கு வர, உடையாரின் ஆட்கள் துரத்தினார்கள். தலக்காடு மணலாகட்டும், மாலங்கி மடுவாகட்டும், மைசூர் அரசர்களுக்கு வாரிசு இல்லாமல் போகட்டும் என்று சபித்துவிட்டு அவர் ஆற்றில் குதித்தார் என்கிறது கதை. உடையார் வம்சத்தில் திரும்பத் திரும்ப நடந்த சுவீகாரங்கள் கதைக்கு வலு சேர்த்தன. கடைசியாக 2015இல் சுவீகாரம் எடுக்கப்பட்ட யதுவீருக்கு 2017இல் மகன் பிறந்தபோது, சாபம் நீங்கியதா என்று பத்திரிகைகள் விவாதித்தன.

ஆனால் ஒரு சிக்கல்: அலமேலம்மாவுக்கு முன்பே இங்கே ஓர் அணை வந்துவிட்டது. விஜயநகர அமைச்சர் மாதவ மந்திரி 14ஆம் நூற்றாண்டில் தலக்காட்டுக்குச் சற்று மேலே கட்டியதாகச் சொல்லப்படும் அணைக்கட்டு அது. தண்ணீர் தேங்கி வாய்க்கால்களில் திரும்பியதும், ஆறு வளைந்து திரும்பும் இந்த இடத்தில் படுகையின் மணல் வெயிலில் காய்ந்து வெளியே தெரிந்தது. தென்மேற்குப் பருவக்காற்று அதை வாரி ஊரின் மேல் கொட்டியது. ஆண்டுக்கு ஒன்பது, பத்து அடி வீதம் மணல் முன்னேறியதாக பழைய மைசூர் கெசட்டியர் பதிவு செய்திருக்கிறது. பெங்களூர் வேளாண் பல்கலைக்கழகத்தின் கே.என். கணேஷய்யா 2007இல் 'கரன்ட் சயின்ஸ்' இதழில் இந்தச் சாபத்தின் சூழலியல் பின்னணியை ஆராய்ந்தார். ஊர் புதைந்ததற்கு ஒரு பெண்ணின் கண்ணீர் காரணமாகச் சொல்லப்பட, அணை கட்டிய அமைச்சர் பாராட்டோடு தப்பித்துக்கொண்டார். வழியில் வந்த வயல்களுக்கு நீர் தருவதும் இப்படிப்பட்ட அணைகள்தான் என்பதையும் மறுக்க முடியாது.

அடுத்து சிவனசமுத்திரம். கோடையில் ககனசுக்கி அருவி என்பது பெரும்பாலும் பாறைதான். அருவியைப் பார்க்க வருபவர்கள் ஏமாறக் கூடாது. பார்க்க வேண்டியது மின்நிலையம் இருக்கும் பள்ளத்தாக்கு. பாலக்காட்டுத் தமிழரான திவான் சேஷாத்ரி ஐயர் முன்னின்ற திட்டம். மின்சாரம் ஓடியது 1902இல். அவர் அதற்கு முந்தைய ஆண்டே காலமாகிவிட்டார். மின்சாரம் முதலில் போனது பெங்களூருக்கு அல்ல, சுமார் 147 கிலோமீட்டர் தள்ளியிருந்த கோலார் தங்கவயலுக்கு. அங்கே பூமிக்கடியில் இறங்கியவர்களில் பெரும்பாலோர் தமிழர்கள். பெங்களூர்த் தெருக்களில் விளக்கு எரிய 1905 வரை காத்திருக்க வேண்டியிருந்தது.

கொள்ளேகால், யளந்தூர் வழியாக மலை ஏறத் தொடங்கியதும் வெயில் பின்தங்கிவிடுகிறது. கிழக்குத் தொடர்ச்சி மலையையும் மேற்குத் தொடர்ச்சி மலையையும் இணைக்கும் பிளிகிரி ரங்கன மலை இது. பிளிகிரி என்றால் வெள்ளை மலை. ரங்கநாதர் கோயிலுக்குக் கீழே செங்குத்தாக இறங்கும் வெளிறிய பாறைதான் பெயருக்குக் காரணம். சுமார் 5,000 அடி உயரத்தில் மே மாத மாலையிலும் சால்வை தேடத் தோன்றும். காட்டுக்குள் கியாதேவரகுடியில் தங்க வசதி உண்டு, முன்பதிவு அவசியம்.

இந்தக் காட்டின் சொந்தக்காரர்கள் சோளிகர்கள். 1974இல் இது சரணாலயமானதும் குடியிருப்புகள் மாற்றப்பட்டன; அவர்கள் கோடையில் சருகுக்கு வைக்கும் சிறு தீயும் தடை செய்யப்பட்டது. அதற்குப் பிறகுதான் உண்ணிச்செடி காடு முழுக்கப் பரவியது என்கிறார்கள் சோளிகர்கள். மலைச் சாலையின் இருபுறமும் சுவர்போல நிற்கும் அந்தப் புதர்களைப் பார்த்தால் வெறும் புலம்பலாகத் தோன்றவில்லை. ஆய்வாளர்களும் பின்னாளில் இந்தக் கருத்தை எடுத்துக்கொண்டார்கள். 2011 தொடக்கத்தில் புலிகள் காப்பகம் அறிவிக்கப்பட்டது. அதே ஆண்டில் வன உரிமைச் சட்டத்தின்படி சோளிகர்களுக்குச் சமூக உரிமைகளும் கிடைத்தன. நாட்டில் எந்தப் புலிகள் காப்பகத்திலும் அதற்கு முன் நடக்காதது.

கோயிலில் வைணவ முறைப்படி பூசை நடந்தாலும், சோளிகர்களுக்கு ரங்கநாதர் சுவாமி மட்டுமல்ல, மச்சானும்கூட. தங்கள் பெண் குசுமாலையைக் கட்டிக்கொண்டவர் என்பதால் உறவு சொல்லித்தான் கூப்பிடுகிறார்கள். இரவில் காட்டில் சுற்றுகிற மாப்பிள்ளைக்குச் செருப்பு தேய்ந்துபோகுமே! அதற்காக மிகப் பெரிய தோல் செருப்பு ஜோடி ஒன்று காணிக்கையாகத் தைத்து வருகிறது. கோயிலில் அதை எடுத்துப் பக்தர்களின் தலையில் வைத்து ஆசீர்வதிக்கிறார்கள்.