அத்திப்பழ அடையும் கீழாநெல்லியும்



கருவேப்பிலங்குறிச்சியில் நான் ஊழியம் செய்த நாட்களில், விருத்தாசலத்துப் பீங்கான் தொழிற்கூடம் ஒன்றில் வேலை பார்த்த சகோதரர் ஒருவர் எங்கள் சபையில் இருந்தார். அவருக்குக் காசநோய் கண்டு, ஆறு மாதச் சிகிச்சை தொடங்கியது. ஐந்தாம் வாரத்தில் ஜெபிப்பதற்காக அவர் வீட்டுக்குச் சென்றேன். சோற்றைக் கண்டாலே குமட்டுகிறது என்றார். கண்கள் மஞ்சளித்திருந்தன.

"காமாலைதான் ஐயா. கீழாநெல்லியை அரைத்து மோரில் கொடுக்கிறேன். மாத்திரையையும் விடவில்லை. டாக்டரிடம் மட்டும் சொல்லிவிடாதீர்கள், திட்டுவார்" என்றார் அவருடைய தாயார். நான் தலையசைத்தேன், ஜெபித்தேன், திரும்பிவிட்டேன். அந்தத் தலையசைப்பை நினைத்து இன்றும் வருந்துகிறேன்.

நான்காம் நாள் அவருடைய நினைவு தடுமாறியது. மருத்துவமனைக்குக் கொண்டுசென்றோம். தாயார் அழுதுகொண்டே எல்லாவற்றையும் சொன்னார். மருத்துவர் திட்டவில்லை. "இதை முதல் நாளே சொல்லியிருக்கலாமே, அம்மா" என்று மட்டும் சொன்னார். அந்த வார்த்தை எனக்கும் உரியது என்பதை உணர்ந்தேன்.

காசநோய்க்கு முதல் இரண்டு மாதங்கள் தரப்படும் நான்கு மருந்துகளில் ஐசோநியாசிட், ரிஃபாம்பிசின், பைராசினமைடு ஆகிய மூன்றும் சிலருடைய கல்லீரலைப் பாதிக்கக்கூடும். ரிஃபாம்பிசினால் சிறுநீர் செம்மஞ்சளாவது இயல்பு. அதற்கு அஞ்ச வேண்டியதில்லை. ஆனால் ஓயாத வாந்தி, பசியின்மை, கண்ணில் மஞ்சள் ஆகியவை கண்டால் அன்றே மருத்துவரிடம் செல்லவேண்டும். அவர் அம்மருந்துகளை நிறுத்துவார். கல்லீரல் தேறியதை இரத்தப் பரிசோதனையில் உறுதிசெய்தபின் ஒவ்வொன்றாக மீண்டும் தொடங்குவார். அந்த நிறுத்தமே முதல் சிகிச்சை. நாமாகவே நிறுத்திவிட்டு இருந்துவிட்டாலோ, காசநோய்க் கிருமி மருந்துக்கு அடங்காததாய் மாறக்கூடும். அந்த வீட்டில் நடந்தது என்ன? புண்ணாக்கும் மருந்து ஒருபுறம் தொடர, மறுபுறம் பச்சிலையை நம்பிக் காத்திருந்தோம்.

கீழாநெல்லியை நான் இகழவில்லை. சென்னைப் பல்கலைக்கழகத்தைச் சேர்ந்த தியாகராஜன் குழுவினர், நோபல் பரிசு பெற்ற புளூம்பெர்க்குடன் இணைந்து 1988இல் ஓர் ஆய்வை வெளியிட்டனர். ஹெபடைடிஸ் பி கிருமியைச் சுமந்தவர்களில் கீழாநெல்லி உட்கொண்ட 37 பேரில் 22 பேருடைய இரத்தத்தில் அக்கிருமியின் அடையாளம் மறைந்ததாக அதில் கண்டனர். பின்னர் வேறிடங்களில் நடந்த ஆய்வுகளில் அதே பலன் கிட்டவில்லை. மேலும், அது கிருமியால் வந்த நோய். மருந்தால் வந்த பாதிப்பு அன்று. மூலிகை என்பதாலேயே தீங்கில்லை என்றும் எண்ணலாகாது. சீந்தில் உட்கொண்ட சிலருக்குக் கல்லீரல் பாதிக்கப்பட்டதை மும்பை மருத்துவர்கள் 2021இல் பதிவுசெய்தனர்.

எசேக்கியா ராஜா வியாதிப்பட்டு மரணத்தருவாயில் இருந்தபோது கண்ணீரோடு ஜெபித்தார். ஆண்டவர் பதினைந்து ஆண்டுகளைக் கூட்டித் தந்தார். அந்தச் செய்தியைக் கொண்டுவந்த ஏசாயா தீர்க்கதரிசியே, பிளவையின்மேல் அத்திப்பழ அடையைப் பற்றுப்போடவும் சொன்னார். அங்கே ஜெபமும் மருந்தும் ஒன்றுக்கொன்று ஒளியவில்லை. ராஜாவின் அறையில் வெளிப்படையாகவே இரண்டும் சேர்ந்து நின்றன.

பிரியமானவர்களே, மருத்துவரிடம் செல்லும்போது மாத்திரை அட்டையோடு சூரணப் பொட்டலத்தையும் எடுத்துச்செல்லுங்கள். வைத்தியரிடமும் மாத்திரையை மறைக்காதீர்கள். இரண்டையும் சேர்க்கலாமா என்பதை, இரண்டையும் அறிந்தவர் தீர்மானிக்கட்டும். போதகரிடம் இரகசியம் சொன்னால், அவர் தலையசைத்துவிட்டுப் போக இடங்கொடாதீர்கள்.

அந்தச் சகோதரர் தேவகிருபையால் பிழைத்தார், சிகிச்சையையும் முடித்தார்.

ஜெபம்: பரம வைத்தியரே, எங்கள் வியாதியோடு எங்கள் பயத்தையும் உமது வெளிச்சத்தில் வைக்கிறோம். உண்மையைச் சொல்லும் தைரியத்தைத் தாரும். ஆமென்.